ஏழு சொல்லுக்கு ஒரே ‘கண்டி’

மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மத்தியானம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் உட்காரும் பகுதியில், என் பக்கத்து நாற்காலியில் ஒரு மாணவி. இருநூறு பக்க நோட்டு. ஸ்கேல் வைத்து நடுவில் கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் பொருள். அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்ப்பது தப்புத்தான், பார்த்துவிட்டேன். காஸ்டிகேட் – கண்டி. சென்ஷர் – கண்டி. ரிப்யூக் – கண்டி. ரெப்ரிமாண்ட் – கண்டி. எக்ஸ்கோரியேட் – கடுமையாகக் கண்டி. லாம்பேஸ்ட் – மிகக் கடுமையாகக் கண்டி. டிக்ரை – வெளிப்படையாகக் கண்டி. அதற்குக் கீழே டிஸ்பாரேஜ், டெனிகிரேட் இரண்டையும் ஓர் அடைப்புக்குள் தள்ளி ‘இழிவுபடுத்து’.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். “எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு சார். எது எதுன்னு மனசுல நிக்கவே மாட்டேங்குது” என்றார்.

நிற்காதுதான். ஏழு பேருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டால் யாரை எப்படி அடையாளம் தெரியும்? ஆனால் அந்தச் சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஏழு வெவ்வேறு ஆட்கள். ஒருவர் துணி துவைக்கிறார், ஒருவர் விறகு வெட்டுகிறார், ஒருவர் தோல் உரிக்கிறார், ஒருவர் தெருவில் நின்று நாணயம் செல்லாது என்று கூவுகிறார்.

முதலில் அந்தக் ‘கண்டி’யையே பிரித்துப் பார்த்துவிடலாம். வடமொழியில் ‘கண்ட’ என்றால் துண்டு. ‘கண்டதுண்டமாக’ என்று நாம் சொல்வதில் இருக்கும் அதே கண்டம். ஆக, கண்டிப்பது என்றால் துண்டு துண்டாக நறுக்குவது. வேடிக்கை இன்னும் இருக்கிறது. கரும்புப் பாகு உறைந்து துண்டாக உடைவதற்கும் அதே ‘கண்ட’தான் பெயர். அது பாரசீகத்தில் ‘கந்த்’ ஆகி, அரபு வழியாக பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்தில் ‘கேண்டி’ ஆனது. பெட்டிக்கடைப் பாட்டிலில் இருக்கும் மிட்டாயும் எதிர்க்கட்சியின் கண்டன அறிக்கையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஒரு மொழிச் சொல்லுக்கு இன்னொரு மொழியில் பொருள் எழுதுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு மதுரையே சாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கான வேலை 1913-இல் தொடங்கியபோது அதன் அலுவலகம் மதுரையில் இருந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் பொறுப்பில். பிறகு சென்னைக்கு மாறி, ஆறு தொகுதிகளும் முடிய 1936 ஆகிவிட்டது. வேலை தொடங்கிய அன்று பிறந்த குழந்தை பட்டம் வாங்கி உத்தியோகத்துக்கே போயிருக்கும். அத்தனை பெரிய பண்டிதர்களுக்கே அந்தப் பாடு என்றால், இருநூறு பக்க நோட்டு ‘கண்டி’ என்ற ஒரே சொல்லில் போய் விழுவதைக் குறை சொல்ல முடியாது.

சரி, ஏன் மறக்கிறது? ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் இதை அளந்து காட்டினார். சோதனைச்சாலை எலியும் அவரே. பொருளே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். சில காலம் விட்டு அதே வரிசையை மறுபடி படிப்பார். முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கு வைப்பார். இருபது நிமிடம் கழித்துப் படித்தால் பாதிக்கு மேல் மிச்சம். ஒரு நாள் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு. கவனியுங்கள்: பெரிய சரிவு முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு மெல்லத்தான் இறங்குகிறது. இரவு படித்ததை மறுநாள் காலையில் ஒருமுறை புரட்டச் சொன்ன நம் பழைய வாத்தியார்கள் எப்பிங்ஹவுஸைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்கள்.

பொருளற்ற அசைக்கே இந்தக் கதி. ஒரே பொருள் கொண்ட ஏழு சொல் என்றால் இன்னொரு வம்பும் சேர்கிறது. ஒன்றைப் போன்ற இன்னொன்று வந்து முதலாவதை இடித்துத் தள்ளுவதை உளவியலில் குறுக்கீடு என்பார்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் ஒரே நிறப் பேருந்துகள் பத்து நிற்கும்போது பலகையைப் படிக்காமல் ஏறினால் என்ன ஆகுமோ, அதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் பலகை வேண்டும். அந்தப் பலகை வேர்ச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எக்ஸ்கோரியேட். லத்தீனில் ‘கோரியம்’ என்றால் தோல். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. தோலை உரித்து எடுத்துவிடுவது. “தோலை உரிச்சிருவேன்” என்று திட்டு வாங்காமல் வளர்ந்தவர் மதுரைப் பக்கம் உண்டா? அந்தச் சொல் நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆங்கில வேடத்தில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை. சார்க்காசம் அதைவிடக் கொடூரம். கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. நாய் சதையைக் கடித்து இழுப்பதுபோல் பேசுவதுதான் சார்க்காசம். நாம் ‘குத்தல் பேச்சு’ என்கிறோம். அங்கே பல், இங்கே ஊசி.

காஸ்டிகேட்டுக்கு வருவோம். எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பிடித்த சொல் இதுதான். லத்தீனில் ‘காஸ்டுஸ்’ என்றால் மாசற்றது, தூய்மையானது. காஸ்டிகேட் என்றால் தூய்மையாக்குவது. தூய்மையாக்குவது எப்படி அடிப்பதானது? வைகைக் கரையில் நின்று சலவைக் கல்லைப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது. நனைத்த துணியை முறுக்கிப் பிடித்து, தலைக்கு மேல் சுழற்றி, கல்லில் ஓங்கி அறைந்தால் அழுக்கு போகிறது, துணி வெளுக்கிறது. அதனால்தான் தமிழில் ‘வெளுத்தல்’ என்பதற்கு வெண்மையாவதும் பொருள், துவைப்பதும் பொருள், அடிப்பதும் பொருள். “மேடையில வெளுத்து வாங்கிட்டாருப்பா” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், அவர் சொன்னது காஸ்டிகேட்டேதான். ரோமுக்கும் வைகைக்கும் நடுவில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அழுக்கும் அடியும் எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

இதற்கு நேர் எதிர்க் கரையில் டெனிகிரேட் நிற்கிறது. ‘நைஜர்’ என்றால் லத்தீனில் கறுப்பு. டெனிகிரேட் என்றால் கரி பூசுவது. முகத்தில் கரி பூசிவிட்டான் என்கிறோமே, அது. ஒன்று வெளுப்பது, இன்னொன்று கரி பூசுவது. அடித்துத் திருத்தும் நோக்கம் இருந்தால் காஸ்டிகேட். பெயரைக் கெடுக்கும் நோக்கம் இருந்தால் டெனிகிரேட். இந்த இரண்டு படங்களும் மனதில் இருந்தால் தேர்வுத்தாளில் குழம்ப வழியில்லை.

ரிப்யூக் விறகுக் கடையிலிருந்து வருகிறது. பழைய பிரெஞ்சில் ‘பூஷ்’ என்றால் விறகுக் கட்டை. கோடரி விழுவதுபோல் ஒரே போடு போட்டு நிறுத்துவது ரிப்யூக். அதனால்தான் அது சுருக்கமாக இருக்கும். அரை மணி நேரம் திட்டினால் அது ரிப்யூக் இல்லை. ரெப்ரிமாண்டுக்குள் இருப்பது ‘பிரெஸ்’, அழுத்துதல். துள்ளி எழுந்தவனின் தோளை அழுத்தி உட்கார வைப்பது. மேலதிகாரிதான் அழுத்த முடியும். ஆகவே ரெப்ரிமாண்ட் மேலிருந்து கீழே மட்டும் வரும். கடைநிலை ஊழியர் கலெக்டரை ரிப்யூக் செய்துவிடலாம், துணிச்சல் இருந்தால். ரெப்ரிமாண்ட் செய்ய முடியாது.

சென்ஷரின் கதையில் ஓர் அலுவலகமே இருக்கிறது. பழைய ரோமில் ‘சென்ஸார்’ என்று ஓர் அதிகாரி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களைக் கணக்கெடுப்பது அவர் வேலை. சென்சஸ் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். கணக்கெடுக்கும்போதே யார் ஒழுங்காக நடக்கிறார் என்றும் பார்ப்பார். சரியில்லை என்று பட்டால் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுவார். குறி விழுந்தவருக்கு மரியாதை போச்சு, சில சமயம் பதவியும் போச்சு. ஆகவே சென்ஷர் என்பது கோபத்தில் கத்துவதல்ல. பதிவேட்டில் ஏறும் கண்டனம். சட்டமன்றம் நிறைவேற்றும், நீதிமன்றம் எழுதும். சினிமாவை வெட்டும் சென்சார், கதவைத் தட்டி எத்தனை பேர் என்று கேட்கும் சென்சஸ், கண்டனத் தீர்மானமான சென்ஷர் மூன்றும் ஒரே அதிகாரியின் மேசையிலிருந்து எழுந்து வந்தவை.

இன்சல்ட் அந்த நோட்டில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று விட்டிருப்பார். ஆனால் அதைத் திறந்தால் காளை பாய்கிறது. லத்தீனில் ‘இன்சுல்தாரே’ என்றால் மேலே பாய்வது. நம் செய்தித்தாள் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள்: அமைச்சர் மீது எதிர்க்கட்சித் தலைவர் பாய்ச்சல். அடுத்த நாள் விளாசல். அதற்கடுத்த நாள் சாடல். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கும் அரசியல் மேடைக்கும் தமிழ் ஒரே வினைச்சொற்களை வைத்திருக்கிறது. லாம்பேஸ்ட்டும் அந்த வகைதான்: ‘லாம்’ என்றாலும் அடி, ‘பேஸ்ட்’ என்றாலும் அடி. அடியோ அடி என்று நாம் இரட்டித்துச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லில் ஒட்டிவிட்டது. இதற்கு மேல் அதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை.

இனி முன்னொட்டு, அதாவது சொல்லின் தலையில் ஒட்டும் சின்னத் துண்டு. நான் கவனித்த ஒரு விஷயம் இது. ‘டி’ என்று தொடங்கும் சொற்களில் பெரும்பாலும் கை கீழ்நோக்கிப் போகிறது: டெஸ்பைஸ் என்றால் கீழ்நோக்கிப் பார்ப்பது, டெரைட் என்றால் தாழ்த்திச் சிரிப்பது. ‘டிஸ்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் பக்கவாட்டில் விலகுகிறது: டிஸ்கார்ட் என்றால் இதயங்கள் விலகுவது, டிஸ்ஸென்ட் என்றால் விலகி உணர்வது. ஏளனம் செங்குத்து, கருத்து வேறுபாடு கிடைமட்டம். விதிவிலக்கு இருக்கிறது, பிரெஞ்சு வழியாக வந்தவை அடிக்கடி இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஆனால் இருட்டில் தடவ இந்த விளக்கு போதும்.

டிஸ்பாரேஜ் அந்த விதிவிலக்குகளில் ஒன்று. விலகுவதுபோல் தொடங்கி இறக்கிவிடும். உள்ளே இருப்பது ‘பார்’, சமம். பழைய பிரெஞ்சில் இதற்கு, அந்தஸ்தில் சமமில்லாத இடத்தில் கல்யாணம் செய்துவைப்பது என்று பொருள். பெண்ணையோ பிள்ளையையோ தகுதிக்குக் குறைந்த வீட்டில் கட்டிக்கொடுத்து அவமானப்படுத்துவது! பின்னால் கல்யாணம் உதிர்ந்து, தகுதியைக் குறைத்துப் பேசுவது மட்டும் மிஞ்சியது. இதற்குத் தமிழில் துல்லியமான சொல் கொத்தனாரிடம் இருக்கிறது: மட்டம் தட்டுதல். வரிசையில் ஒரு செங்கல் எழும்பி நின்றால் கரண்டிக் காம்பால் தட்டி இறக்குவார். மனிதர் எழும்பி நின்றாலும் அதே வேலைதான்.

டிக்ரை இன்னும் சுவாரசியம். 17-ஆம் நூற்றாண்டில் அதற்குப் பொருள், ஒரு நாணயம் இனிச் செல்லாது அல்லது அதன் மதிப்பு குறைந்தது என்று ஊரறியக் கூவி அறிவிப்பது. ‘க்ரை’ என்றால் கூவுதல்தானே. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் கேட்ட பணமதிப்பிழப்பு அறிவிப்பு, அந்தச் சொல்லின் ஆதி அர்த்தத்தில், ஒரு டிக்ரைதான். இப்போது அந்தக் கூவல் நாணயத்தின் மீது அல்ல, ஒரு செயலின் மீது. இதற்கு மதிப்பில்லை, செல்லாது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வது. அறையைச் சாத்திக்கொண்டு யாரும் டிக்ரை செய்ய முடியாது.

டிஸ்ஸென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்தில் யாரையும் அடிக்காத சொல் அது. 1950-இல் ‘ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’ வழக்கில், தடுப்புக் காவலைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஒரு பக்கம் போனது; நீதிபதி ஃபசல் அலி விலகி நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அதே நீதிமன்றம் அவர் நின்ற பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 28 ஆண்டுகள். உரக்கப் பேசாமல் விலகி நிற்பதற்கு ஒரு மொழி தனிச் சொல் வைத்திருப்பது வீண் இல்லை.

வேர் பார்த்தோம், தலை பார்த்தோம். சில சொற்களில் வேருக்கும் முன்னால் ஒலியே பேசுகிறது. ‘ஸ்ன்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஸ்னௌட் என்றால் விலங்கின் மூக்கு, ஸ்னோர் என்றால் குறட்டை, ஸ்னிஃப் என்றால் மோப்பம், ஸ்னார்ட் என்றால் மூக்கால் சீறுவது. எல்லாம் மூக்கைச் சுற்றியே வருகின்றன. இப்போது ஏளனத்துக்கு வாருங்கள்: ஸ்னீர், ஸ்னிகர், ஸ்னூட்டி, ஸ்னப். மூக்கைச் சுளிப்பது, மூக்கை உயர்த்துவது, மூக்கறுப்பது. “நல்லா மூக்கறுபட்டு வந்தான்” என்பதை ஸ்னப் என்ற ஒரே அசையில் சொல்லலாம். அந்தச் சொல்லின் பழைய பொருளும் வெட்டிக் குட்டையாக்குவதுதான். தும்மலுக்கான பழைய ஆங்கிலச் சொல் ‘ஃப்ன்’ என்று தொடங்கியது. பிறகு அதுவும் ‘ஸ்னீஸ்’ ஆகி இந்த மூக்குக் கூட்டத்தில் வந்து ஒண்டிக்கொண்டது.

இப்படிப் பொருளின் வாசனையைச் சுமக்கும் ஒலித் துண்டுக்கு ‘ஃபோனஸ்தீம்’ (ஒலிப்பொருள் துணுக்கு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்) என்று 1930-இல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934 பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு பகுதி எழுதிக் கொடுத்தவரும் அவரே. நம் ‘சீ’, ‘த்தூ’, ‘ப்ச்’ எல்லாம் அவர் காதில் விழுந்திருக்குமா என்று எனக்கு ஒரு நப்பாசை.

மூக்குக்கு மேலே புருவம். சூப்பர்சிலியஸ் என்ற நீண்ட சொல்லைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும். லத்தீனில் ‘சூப்பர்சிலியம்’ என்றால் வெறும் புருவம்தான். ஒற்றைப் புருவத்தை ஏற்றி மனிதரை அளக்கிற ஆள் சூப்பர்சிலியஸ். வங்கியில் விண்ணப்பத்தைத் தலைகீழாக நீட்டிய அன்று எனக்கு ஒருவர் இந்தச் சொல்லை நேரில் காட்டினார். அதன் பிறகு மறக்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல் ஒன்று பாக்கி: கிரிட்டிசிசம். கிரேக்கத்தில் ‘கிரினைன்’ என்றால் பிரிப்பது, தேர்ந்தெடுப்பது. அதன் ஆதி வேரிலிருந்து லத்தீனில் கிளைத்த இன்னொரு சொல்லுக்குப் பொருள் சல்லடை. ஆக விமர்சகர் என்பவர் மாவு சலிக்கிறவர். இந்தப் பக்கம் வந்தால் தமிழ் வேறு பாத்திரத்தை எடுக்கிறது. திறனாய்வு என்பதில் உள்ள ‘ஆய்’ கீரை ஆய்வதிலும் இருக்கிறது: தண்டு இந்தப் பக்கம், பழுப்பிலை அந்தப் பக்கம், பூச்சி அரித்தது குப்பைக்கு. ‘விமர்சனம்’ வடமொழியில் தொடுவது, தடவிப் பார்ப்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஜவுளிக்கடையில் முந்தானையை விரல்களுக்கு நடுவே வைத்து உரசிப் பார்க்கும் அந்தக் கை. சல்லடை, கீரைக்கட்டு, துணி. மூன்று பண்பாடுகள் மூன்று சாமான்களைப் பிடித்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. ஒன்றிலும் அடி இல்லை, கவனியுங்கள். விமர்சனம் என்றாலே வசை என்று நினைப்பது பின்னாள் பழக்கம். மதுரையில் இருந்துகொண்டு இந்த இடத்தில், சிவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரரை இழுக்காவிட்டால் ஊர் விடாது. பொற்றாமரைக் குளத்தின் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறேன்.

வசை என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘ஸ்கோல்ட்’, திட்டுதல், எங்கிருந்து வந்திருக்கலாம் என்று பார்த்தால் பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்கால்ட்’ வந்து நிற்கிறது. பொருள்: கவிஞர்! வடகடல் நாடுகளில் கவிஞர்கள் பிடிக்காதவர்களை வசைப்பாட்டில் நாறடிப்பார்களாம். நமக்கு இது புதிதா? ‘வசை பாடுதல்’ என்றுதானே சொல்கிறோம், வசை பேசுதல் என்றா? வசைக்குப் பேர்போன காளமேகப் புலவரின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் தமிழாசிரியர்கள் முகத்தில் ஒரு குறும்பு வருகிறதே.

இந்தப் படங்களெல்லாம் ரசிப்பதற்கு மட்டுமா, படிப்புக்கும் உதவுமா? 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் அட்கின்ஸன், ராவ் என்ற இருவர் இதை ஒட்டிய ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்கள். நாளுக்கு நாற்பதாக மூன்று நாள். ஒரு பிரிவினர் வழக்கம்போல் படித்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒவ்வொரு ரஷ்யச் சொல்லைப் போலவும் ஒலிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் கொடுக்கப்பட்டது. அதையும் பொருளையும் சேர்த்து மனதில் ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டும். இதற்குத் திறவுச்சொல் முறை என்று பெயர். முடிவில் வழக்கமாகப் படித்தவர்கள் 46 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். படம் வரைந்தவர்கள் 72. ஆறு வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டபோது 28, 43. வேறு விதமாகச் சொன்னால், படம் வரைந்தவர்கள் ஒன்றரை மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, மற்றவர்கள் படித்து முடித்த கையோடு வாங்கிய மதிப்பெண்ணுக்கு அருகில் நின்றார்கள்.

மாணவியிடம் இதை ஒரு சொல்லில் சோதித்துப் பார்த்தேன். ‘கார்ப்’ என்றால் சும்மா நொட்டை சொல்லிக்கொண்டே இருப்பது. “கார்ப்புன்னு தமிழ்ல என்னம்மா?” என்றேன். “காரம்” என்றார். எதைப் போட்டாலும் கார்ப்பு, கார்ப்பு என்று தட்டைத் தள்ளும் ஆள் யாராவது வீட்டில் உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “எங்க மாமா இருக்காரு சார்.” அந்த மாமா இனி அவரைத் தேர்வு அறை வரை விட மாட்டார்.

சொற்களைத் தனித்தனியாகப் பார்த்தது போதும். எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, மதுரை மேலமாசி வீதிக்குப் போக வேண்டும். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி அங்கே ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரை வேட்டியோடு வெளியே வந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ராஜத்துரோகக் குற்றத்துக்கு ஆறாண்டுத் தண்டனை. 1931-இல் அதே உடையோடு வைஸ்ராயைப் பார்க்கப் படியேறினார். அதைக் கண்டு பிப்ரவரி 23 அன்று வின்ஸ்டன் சர்ச்சில் பேசிய ஒரு வாக்கியம், ஏளன ஆங்கிலத்தின் முழு ஆயுதக் கிடங்கு. அதில் ‘நாஷியேட்டிங்’, குமட்டுகிறது என்றார். கிரேக்கத்தில் ‘நௌஸ்’ என்றால் கப்பல். கடலில் வரும் குமட்டல்தான் அந்தச் சொல். பிறகு ‘செடிஷஸ்’, ராஜத்துரோகி; லத்தீன் வேரில் விலகிப் போவது என்றுதான் பொருள். பிறகு ‘ஃபக்கீர்’, அரபியில் ஏழை. அதோடு அரை நிர்வாணம் என்பதையும் சேர்த்தார்.

கூட்டிப் பாருங்கள். கப்பல், விலகிப் போதல், ஏழை. சொற்களுக்குள் விஷம் எங்கே இருக்கிறது? எங்குமில்லை. சொன்னவரின் புருவத்தில் இருந்தது. காந்திக்கு அது தெரிந்திருந்தது. 1944 ஜூலையில் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில், ஃபக்கீராக வேண்டும், அதுவும் நிர்வாண ஃபக்கீராக வேண்டும் என்று தான் நெடுநாளாக முயன்றுகொண்டிருப்பதாகவும், பின்னது இன்னும் கஷ்டம் என்பதாகவும், ஆகவே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். கத்தியைப் பிடி பக்கமாக வாங்கிக்கொண்டார்.

எல்லாச் சொல்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ‘வில்லன்’ ஒரு காலத்தில் பண்ணையில் உழைத்த சாதாரண ஆள். ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. உழைத்தவனைக் கேவலமாகப் பார்த்தவர்கள் வாயில் புழங்கிப் புழங்கி அது கொடியவன் ஆகிவிட்டது. ‘சில்லி’ என்றால் முன்பு பாக்கியசாலி, இன்று அசடு. நம் ‘நாற்றம்’ பழைய இலக்கியத்தில் பூவின் மணத்துக்கும் பெயர். இன்று மூக்கைப் பொத்துகிறோம். நல்ல பொருள் தேய்ந்து கெட்ட பொருள் ஏறுவதை மொழியியலில் இழிபொருட்பேறு என்பார்கள். பெரும்பாலும் அது தானாக நடப்பதில்லை. யாரோ யாரையோ தாழ்வாகப் பார்ப்பதால் நடக்கிறது.

மாணவியின் நோட்டைப் புரட்டியபோது பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளி அப்படி ஒரு சொல் இருந்தது. ‘பரையா’ – ஒதுக்கப்பட்டவர். “இது எந்த மொழிச் சொல் தெரியுமா?” என்றேன். லத்தீனா, கிரேக்கமா என்று யோசித்தார். தமிழ் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

பறை என்ற தோற்கருவியிலிருந்து ஒரு மக்களின் பெயர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயர் பயணக் கதைகளோடு ஆங்கிலத்துக்குள் போனது. 19-ஆம் நூற்றாண்டில் அது எந்த ஊரிலும் எவரும் சேர்த்துக்கொள்ளாத ஆளுக்குப் பொதுப் பெயராகிவிட்டது. இன்றைக்கும் உலகம் ஒதுக்கி வைத்த ஒரு நாட்டைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகை எழுதினால் தலைப்பில் அந்தச் சொல் வந்து உட்காரும். எழுதுபவர் லண்டனில் இருப்பார். தான் ஒரு தமிழ்ச் சாதிப் பெயரை வசையாக எறிகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. இங்கே அந்தப் பெயருக்காக நடந்த சண்டையும் தெரியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் அதே பெயரைத் தன் பத்திரிகைக்கு வைத்துத் தலை நிமிர்ந்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரே எங்களுடையதல்ல என்று மறுத்தார். வழிகள் வேறு, வலி ஒன்று.

பழந்தமிழில் பறை என்றால் முழக்கும் கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். பறையறைதல் என்றால் ஊரறிய அறிவித்தல். வைக்கோல் மூட்டிய தீயில் காட்டி, தோலை விறைப்பாக்கி, ஒரு கையில் நீண்ட சிம்புக் குச்சியும் மறு கையில் கட்டையான அடிக்குச்சியும் பிடித்து அடிக்கும் அந்த இசையைத் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துவரும் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அலங்காநல்லூர் இந்த நூலகத்திலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். ஆங்கில அகராதியில் ‘பரையா’ என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் பொருள் மட்டும் இன்னும் மாறவில்லை.

வினாத்தாளில் அந்தச் சொல் வந்தால் பொருளைத் தெரிந்து எழுதத்தான் வேண்டும். மதிப்பெண் போகக் கூடாது. ஆனால் நீங்களாக ஆங்கிலத்தில் எழுதும்போது ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல வேண்டி வந்தால் ‘அவுட்காஸ்ட்’ இருக்கிறது. அதில் உள்ள ‘காஸ்ட்’ சாதி அல்ல, எறிதல். அதை எழுதுங்கள்.